அந்த ஐந்தாவது ஓட்டு

மேயர் வேட்பாளர் யார் என்று தலைமை அனுப்பிய கவரை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வைத்துத்தான் பிரித்தார்கள். மேயரைக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டு மாறிவிடக் கூடாதென்று எங்கள் கட்சிக் கவுன்சிலர்கள் எல்லோரையும் இரண்டு நாளாக அங்கே அடைத்து, செல்போனையும் வாங்கி வைத்திருந்தார்கள். இந்த முறை பதவி பெண்களுக்கு. மூன்று தடவை ஜெயித்த எனக்குத்தான் என்று நான் மட்டுமா நினைத்தேன்? பரிமாறியவர்கூட என் இலையில் இரண்டு ஜிலேபி வைத்தார்.

கவரில் அவள் பெயர் இருந்தது.

பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ஒரு தேர்தலில் பூத் சிலிப் கொடுக்க ஆள் போதாமல் நான்தான் கூட்டி வந்தேன். நான் ஒரு வீட்டில் இரண்டு நிமிடம் பேசினால் அவள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். வேலை தெரியாதவள் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வார்டில் நின்று என்னைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று வீட்டில் புலம்பினேன். உண்மையில் அவள் பாயவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பெயரை வாசித்ததும் எல்லோருக்கும் முன்னால் போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அக்கா, இது உங்களுக்குத்தானுங்க வந்திருக்கோணும்" என்று அழுதாள்.

ஒரு வார்த்தை கர்வமாகப் பேசியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

மறுநாள் வேனில் நேராக மாமன்றக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆளுக்கொரு சீட்டு. இரண்டே பெயர், மேலே எதிரணி வேட்பாளர், கீழே அவள். என் ஒரு ஓட்டால் முடிவு மாறாது என்று தெரியும். ஆனாலும் அவள் முழுசாக ஜெயிக்கக் கூடாது. மேலே இருந்த பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன்.

எதிரணியில் மொத்தமே நான்கு பேர். எண்ணும்போது ஐந்து ஓட்டு இருந்தது.

அவள் ஜெயித்தாள், பதவியும் ஏற்றாள். ஆனால் மாவட்டப் பொறுப்பாளர் எங்களை ஓர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாருன்னு மருவாதியா சொல்லிப்போடுங்க. நானாக் கண்டுபுடிச்சா கட்சிய உட்டே தூக்கிப்போடுவேன்."

எல்லோர் கண்ணும் மெல்ல என் பக்கம் திரும்பியது. இருபது வருட அரசியல் அந்த அறையோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மேயர் அங்கியும் சங்கிலியுமாக நின்றிருந்தவள் கையைத் தூக்கினாள்.

"ஏனுங்கண்ணா, அது நானுங்க. சீட்டுல நம்ம சின்னத்தையே காணோமுங்களே. பதட்டத்துல மேல இருந்த பேருக்குப் போட்டுட்டனுங்க."

அறையே சிரித்தது. "உன்ற ஓட்டே உனக்கு உழுகலயா அம்மணி!" என்று பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசாரணை அத்தோடு சரி. தனக்கே ஓட்டுப் போடத் தெரியாத மேயர் என்று டீக்கடையெல்லாம் கேலி பேசினார்கள். அதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் பொறுத்து அவள் அறைக்குப் போனேன். "ஏன் கண்ணு அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எதைங்கக்கா?" என்றாள். டீ சொல்லி அனுப்பினாள். என் வார்டு சாக்கடை வேலை முடிந்ததா என்று விசாரித்தாள். டீ வந்தது, குடித்தேன்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் ஆளாக விரலை நீட்டியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். இப்போதும் பொறாமை இருக்கிறது, ஆனால் அந்த நாற்காலி மேல் இல்லை. நாற்காலி ஐந்து வருடத்தில் காலியாகிவிடும். அவளிடம் இருக்கிற மற்றது எனக்கு எந்தத் தேர்தலிலும் கிடைக்காது.