மீனாக்ஷி ‘கிளியர்’ சொல்லும்வரை

“ரைட்ல ஒரு ட்ரக்கு… இருக்கானுங்க… இன்னும் இருக்கான்… ம், கிளியர்.”

கணவர் பசுபதி கார் ஓட்ட, பக்கத்து இருக்கையில் மீனாக்ஷி இப்படித்தான் வருவார். அமெரிக்காவில் அவர்கள் வீடிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து பிரிட்ஜ்வாட்டர் கோயில் வரை வாய் ஓயாது. இருபது வருஷமாக ஓட்டுகிற மனிதர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டால் கோபம் வேறு. “அங்க என்னத்தப் பாக்கறீங்க? நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?” பசுபதி பாவம், ஓரக்கண்ணால் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வார்.

வாரநாட்களில் மீனாக்ஷி டேகேர் டீச்சர். பதினாறு வாண்டுகளில் எது எதைக் கடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிகிற கண். சனிக்கிழமைகளில் அந்தக் கண் கார் பந்தய மைதானத்தில் பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் நிற்கும். பந்தயக் காரில் ஓட்டுபவரைத் தலைகூடத் திரும்பாதபடி இருக்கையோடு கட்டிவிடுவார்கள். பக்கத்தில் வருகிற கார் தெரியாது. அதை மேலிருந்து பார்த்து ரேடியோவில் சொல்பவர்தான் ஸ்பாட்டர். கூரையில் இருபத்திரண்டு ஸ்பாட்டர்கள், பெண் இவர் ஒருவர். கோபிச்செட்டிபாளையத்துக்காரரும், ஃப்ளாஸ்க் நிறைய மோர் கொண்டுவருபவரும் இவர் ஒருவர்தான்.

போன மாதம் அந்தக் கண் ஏமாந்தது. அரை நொடி முந்தி “கிளியர்” சொல்லிவிட்டார். அதை நம்பித் திருப்பிய அவருடைய டீம் ஓட்டுநர் கெய்லாவின் கார் பக்கத்துக் காரில் உரசிச் சுவரில் மோதியது, மணிக்கட்டு பிசகியது. கெய்லாவுக்கு இருபத்து நான்கு வயது. அந்த டீமுக்காகப் பந்தயம் ஓட்டும் முதல் கறுப்பினப் பெண். டீம் முதலாளி ஸ்பாட்டரை மாற்றச் சொன்னார், கெய்லா மாட்டேன் என்றாள். சரி, ஒரே ஒரு பந்தயம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

மீனாக்ஷி அன்று அழுதார். மறுநாளே ஃப்ரீவே பாலத்தின் மேல் நின்று, கீழே போகிற வண்டிகளுக்குக் கிளியர் சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டார். பசுபதி விட்டுவிடச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: “அந்தப் புள்ள கண்ண எங்கிட்டக் குடுத்துட்டு ஓட்டுதுங்க. பாதியில திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?”

அந்த ஒரே பந்தயம் போன சனிக்கிழமை வந்தது. கடைசிச் சுற்று. உள்வரிசையில் வந்த கெய்லா, முதல் காரை எட்டிப்பிடிக்க வெளிவரிசைக்கு மாறத் தவிக்கிறாள். அவளுடைய பின்சக்கரத்தருகே ஒரு நீலக் காரின் மூக்கு. முதலாளி ரேடியோவில் கத்துகிறார்: “சொல்லு! கிளியர், கிளியர்!”

“ஸ்டில் தேர்,” இன்னும் இருக்கான் என்றார் மீனாக்ஷி. “ஸ்டில் தேர்… ஸ்டில் தேர்…”

பட்டனை அழுத்திய கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. நீல மூக்கு முழுசாகப் பின்தங்கிய பிறகுதான் “கிளியர்” வந்தது. அதற்குள் முதல் கார் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டது. கெய்லாவுக்கு இரண்டாமிடம். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, பந்தயக் காரை ஏற்றிய ட்ரெய்லரோடு கெய்லா தன் ட்ரக்கைப் பின்னால் எடுக்க வேண்டும். கண்ணாடி இருக்கிறது, கேமரா இருக்கிறது, முதலாளியே பின்னால் நின்று வா வா என்று கையாட்டுகிறார். வண்டி நகரவில்லை. கெய்லா ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினாள்.

“மிஸ் மீனா?”

மீனாக்ஷி ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். முதலாளியின் தோளைத் தொட்டு இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டு, கையை உயர்த்தினார்.