வலை ஏறும்வரை தண்ணீர் இல்லை

பட்டாள ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் மகன் கேட்டது, "கருவாடு எடுத்தாந்தியாம்மா?" மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மருமகள் கைக்குழந்தையோடு இருந்ததால் நான் போயிருந்தேன்.

முதுகில் மூட்டையோடு ஓடும் பயிற்சியில் செல்வம் விழுந்திருந்தான். வெப்பத்தாக்கு (உடம்புச் சூடு வெளியேறாமல் ஏறி, மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது) என்றார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதாம். கூட ஓடியவர்கள் உடனே நிழலில் போட்டுத் தண்ணீரைக் கொட்டியதால் பிழைத்தான். பட்டாளத்தில் வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதுதான் பாக்கி.

சிப்பாய்களின் உடம்பு உழைப்பையும் வெயிலையும் எப்படித் தாங்குகிறது என்று ஆராயும் டாக்டரம்மா ஒருவர் அங்கே இருந்தார். சிறுநீரகம் தேறியதும், சூடேற்றிய அறையில் ட்ரெட்மில்லில் (நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும் இயந்திரம்) அவனை நடக்கவிட்டார். நடந்து முடித்தபோது வியர்வையில் எடை இறங்கியிருந்தது. பக்கத்தில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏன் குடிக்கல?"

"வேலை முடியலையே மேடம்."

அவர் என்னைப் பார்த்தார்.

"கடல்ல வலை ஏறுற வரைக்கும் எங்காளுங்க தண்ணியத் தொட மாட்டாங்க டாக்டரம்மா. தொட்டா படகே சிரிக்கும். இவங்கப்பா பழக்குனது."

"யாரும் மயங்கி விழுந்ததில்லையா?"

"விழுந்தா கடல்லதானே விழணும்? அங்க தண்ணிக்கா பஞ்சம்!"

அவர் சிரிக்கவில்லை. "படகுல காத்து இருக்கு. மூட்டையோட ஓடுறப்ப அது இல்ல. வேலை முடியட்டும்னு இருக்கக் கூடாது. அப்பப்ப கொஞ்சம் குடிக்கணும். அதுக்காகக் குடம் குடமாவும் குடிக்கக் கூடாது, ரத்தத்துல உப்பு எறங்கிடும்."

விடுப்பில் எங்கள் ஊர் காரைக்கால்மேட்டுக்கு வந்தான். அவர் சொன்னபடி முதலில் இளவெயிலில் நடந்தான், சில வாரம் கழித்து ஏறுவெயிலில். செல்போனில் வைத்த மணி அடித்தால் நின்று குடிப்பான்.

மீன் ஏலத்தில் ஒருத்தி, "என்னடா செல்வம், பால்குடி மறக்கலியா?" என்றாள்.

"எம்மவன் விழாம இருக்கக் குடிக்கிறான். ஒம் புருஷன் விழுறதுக்கே குடிக்கிறாரு" என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

மறுசோதனையில் அவன் உடம்புச் சூடு ஓரளவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. "போகலாம். ஆனா ஒருவாட்டி அடிபட்ட ஒடம்பு" என்றார் டாக்டரம்மா. பட்டாளத்துக்கே திரும்பிப் போனான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் தேறிப் போயிருந்தால் உங்களுக்குப் புரியும். கூடை சுமந்த காலமெல்லாம் உச்சிவேளை என்பது எனக்கு மீன் கெடும் நேரம், அவ்வளவுதான். இப்போது இங்கே மேகம் மூடியிருந்தாலும் அந்த வேளைக்கு என் நாக்கு வறள்கிறது. ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறேன். அவன் குடித்தது போல் இருக்கிறது.