டெஸ்ட்டுச் சட்டை

தெருவில் அவளைக் காஜாக்காரி என்பார்கள். தையல் கடையில் உட்கார்ந்து, சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் கையால் நூல் கட்டியவள். கடையை ஒரேயடியாக மூடிவிட்டதும் அண்ணன் வீட்டு அடுப்படி ஓரத்தில் பாயைப் போட்டாள்.

"பாய் தேயுது, பானை தேயுது, இவ மட்டும் தேயமாட்டேங்கறா" என்பாள் அண்ணி, அவள் காதுபடவே. மாதம் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டாள்.

ஒரு துணிக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துப் போனாள். கை நிறையச் சம்பளம், போக வர வண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாசலில் பெண்கள் கூட்டம்.

"டெஸ்ட்டு. மதியம் வரைக்கும் காஜா எடுத்து, பொத்தான் வைங்க" என்று சூப்பர்வைசர் ஆளுக்கொரு கட்டுச் சட்டை கொடுத்தான். மதியம், "போன் பண்றோம்" என்று எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பினான்.

அவள் மட்டும் நகரவில்லை. வாய்தான் பேசாதே தவிர, கண் சும்மா இருக்காது. தைத்த சட்டைகள் பெட்டியில் ஏறிப் பின்வாசல் வண்டிக்குப் போனதைப் பார்த்திருந்தாள்.

"டெஸ்ட்டுச் சட்டை விலைக்குப் போகுதா சார்?"

அவன் சிரித்தான். "பூனை மாதிரி இருந்துக்கிட்டு! சரி, வேலை வேணுமா, வெளிய போய்க் கத்தணுமா?"

"வேலை. சம்பளம் போட்டிருக்கறதுதானே?"

"அது கூட்டம் சேக்கறதுக்கு. உனக்குப் பாதி."

தலையாட்டினாள். வரும் பெண்களுக்குச் சட்டைக் கட்டைக் கொடுப்பதும், "நானும் டெஸ்ட்டுல தைச்சுத்தான் சேந்தேன்" என்று சொல்வதும் அவள் வேலை. கூச்சத்தோடு மெல்லச் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. அந்த வாரமே, அதே வாசலில் அண்ணி வந்து நின்றாள்.

"உன்னை நம்பித்தான் வந்திருக்கேன், கண்ணு."

உண்மையைச் சொன்னால் அண்ணி ஊரைக் கூட்டிவிடுவாள். தன் பிழைப்பு போய்விடும். சொல்லவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. இருந்ததில் பெரிய கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரலில் ஊசி ஏறியது. சட்டையில் ரத்தம் படாமல் தன் உடுப்பில் துடைத்துக்கொண்டு தைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் காஜாக்காரியின் தட்டில்தான் முதலில் சோறு விழுந்தது.

"போன் எப்ப வரும்மா?"

"வேகம் பத்தலையாம் அண்ணி. திங்கக்கிழமை இன்னொரு டெஸ்ட்டு இருக்கு."

"வர்றேன். என் தங்கச்சியும் நல்லாத் தைப்பா. கூட்டிட்டு வரட்டுமா?"

"வாங்க" என்றாள் காஜாக்காரி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "சாப்பாடு மட்டும் கட்டிக்கிட்டு வந்துடுங்க. அங்க தரமாட்டாங்க."