மரக்காணம் வரைக்கும்

மனாலியில் பைக் வாடகைக்கு விடும் கடையொன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் சென்னைப் பக்கத்து மணலி என்று நினைத்துக்கொண்டு, "மணலியா? அதுக்கு ஏன்டா ரயிலு, பஸ்லயே போலாமே" என்பார்கள். இது இமயமலை மனாலி. ஐப்பசி தாண்டினால் லடாக்கிலுள்ள லே நகருக்குப் போகும் பாதையைப் பனி மூடிவிடும். வண்டிகளுக்கு வேலை இருக்காது. முதலாளி பாதி வண்டிகளை லாரியில் ஏற்றி கோவாவுக்கு அனுப்பிவிடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. என் வண்டியையும் வெயில் பக்கம் கொண்டுபோய், அண்ணனைப் பின்னால் உட்காரவைத்துக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை ஓட்டவேண்டும் என்று.

அண்ணன் திருவொற்றியூரில் இருந்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கில் லோடு இறக்கும் வேலை. போனில் சொன்னதும் என்னைவிட அவனுக்குத்தான் அவசரம்.

"வண்டிய எப்போ ஏத்துற?"

"அவ்ளோ தூரம் பின்னாடி குந்தினு வருவியாண்ணே?"

"நான் குந்துவேன். நீ ஒழுங்கா ஓட்டு."

நடுநடுவே அவன் பேச்சு நின்று நின்று வந்தது. மலையில் சிக்னல் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டிகரில் பெட்ரோல் டாங்கியைக் காலி செய்து, வண்டியைச் சுற்றிப் பழைய ரஜாய்ப் போர்வையும் கோணியும் தைத்து, ரயில் பார்சலில் போட்டேன். நான் வேறு ரயிலில் முன்னாலேயே வந்து சேர்ந்தேன்.

அண்ணன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். தோள் எலும்பு பனியனுக்கு மேல் தெரிந்தது. அண்ணி சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னார். "உன்கிட்ட சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான் வாணாம்னுட்டாரு. தெரிஞ்சா நீ வண்டிய அனுப்பமாட்டேன்னு."

அந்த வாரம் அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர், பீடி பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றான். எங்கே வேலை என்றார். சொன்னான். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வண்டி வந்ததும் அவனே இறங்கி வந்து லுங்கி நுனியால் டாங்கியைத் துடைத்தான். மறுநாள் காலையில் சும்மா எண்ணூர் வரை போய்ப் பார்க்கலாம் என்றான். மார்கழிப் பனியும் ஆலைப் புகையும் சேர்ந்து ரோட்டின் மேல் கவிந்து கிடந்தன. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பாதி தூரத்தில் என் தோளைத் தட்டினான். கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த பாறை ஒன்றில் அவனை உட்காரவைத்தேன். நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்கு வாணாம்" என்றான். அதன் பிறகு அவன் ஏறவில்லை.

ஆனால் என்னை விடவில்லை. "நீ மட்டும் போ. போற ஊரெல்லாம் போன் பண்ணு." தினமும் இதே பேச்சு. கடைசியில் அண்ணியும், "போயிட்டுதான் வாயேன்பா, அதையே சொல்லிகினு கீறாரு" என்றார். கிளம்பினேன்.

மகாபலிபுரம் தாண்டியதும் நல்ல வெயில். மலையில் இந்நேரம் கையுறைக்குள் விரல் மரத்திருக்கும். இரண்டு பேருக்காகப் பின் சக்கரத்து ஷாக் அப்சார்பரை இறுக்கி வைத்திருந்தேன். ஒற்றை ஆளோடு வண்டி ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போட்டது. மரக்காணத்தில் உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர் நின்றது. டீக்கடையில் நிறுத்தினேன். இறங்கி ஷாக்கைத் தளர்த்தியிருக்கலாம். ஸ்பேனர் கையில்தான் இருந்தது. மனம் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாடா?"

"வண்டி சரியில்லண்ணே."

"உன் வண்டி சரியில்ல."

"ஆமா."

சற்று நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான். "நான் செத்தா திரும்பி வரணும். அதுக்குள்ள இன்னாத்துக்கு வந்தே?"

பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. தம்பி கன்னியாகுமரி போயிருக்கிறான் என்று நான் கிளம்பிய அன்று காலையே அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லியிருந்தானாம். பிறகு அண்ணிதான் சொன்னார். நான் பாசத்தில் திரும்பியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ, அவன் சாவுக்கு நான் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டான். அது பொய்யென்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

மீதிக் குளிர்காலம் முழுக்க அந்த வண்டி மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. பங்குனியில் முதலாளி கூப்பிட்டார். வண்டியை மறுபடி பார்சலில் போட்டுவிட்டுப் போனேன். வாசல் வரை அண்ணன் வந்தான், கதவைப் பிடித்துக்கொண்டு.

ஆடியில் தகவல் வந்தபோது லே பாதையில் யாரோ ஒருவருடைய வண்டிக்கு கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தேன். மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. நான் ஊர் வந்து சேர்வதற்குள் அண்ணனை எடுத்துவிட்டார்கள்.