இரண்டாம் படத்துக் கொலைகாரன்

மாமனார் வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை, நான் துப்பறிவேன் என்பதுதான். போலீஸ்காரனுக்குப் பெண் கொடுக்க ஆசைப்பட்ட மனிதருக்கு, குளத்தூர்ப் பக்கம் ஃபைல் கட்டுகிற குமாஸ்தாவாக நான் வாய்த்தேன்.

கல்யாணமான புதிதில் கீரமங்கலம் டூரிங் டாக்கீஸுக்கு ஒரு துப்பறியும் படம் வந்தது. ஒரே மெஷின், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். முதல் விளக்கிலேயே, "அந்தச் சமையல்காரன் நொண்டுறது நடிப்பு மாமா, அவன்தான் கொலைகாரன்" என்றேன். கடைசி ரீலில் அவனேதான் மாட்டினான். அந்தப் படத்தை ஏற்கெனவே புதுக்கோட்டையில் பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வானேன்?

மறுநாளிலிருந்து கோழிக்குழம்பில் ஈரல் என் இலைக்கு வந்தது. பக்கத்து வீட்டில் பித்தளைக் குடம் காணோம் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். நெற்றியைச் சுருக்கி நாலு எட்டு நடந்துவிட்டு, "கிணத்துல பாருங்க" என்றேன். கிடைத்தது. அந்த ஊரில் காணாமல் போகிற குடமெல்லாம் கிணற்றில்தான் கிடக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அதே துப்பறிவாளர் அடுத்த படத்தில் கிளம்பினார். 'ரெண்டாவது படம் சனிக்கிழமை வருது. மாப்பிள்ளை அவசியம் வரவும்' என்று மாமனார் கார்டு போட்டார். தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி ஓரத்தில், 'தெருவே காத்திருக்கிறது' என்று சேர்த்திருந்தாள். எனக்கோ கதை தெரியாது. நான் அதைப் பார்க்கவில்லையே!

புதுக்கோட்டையில் வெள்ளிக்கிழமையோடு ஓட்டம் முடிந்து அதே படப்பெட்டிதான் கீரமங்கலம் போகிறது என்று விசாரித்துக்கொண்டேன். வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை மேட்னிக்குப் போனேன். இடைவேளையில் விளக்கு வந்தது. பக்கத்தில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தவர் என் மாமனார்.

"மாப்ளயா? ஆபீஸ் இல்லீங்களா?"

"ஒரு ஃபைல் விஷயமா வந்தேன் மாமா. நீங்க?"

"மோட்டாருக்கு வாஷர் வாங்கலாம்னு..."

கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "ஒரு தடவையாச்சும் ஒங்களுக்கு முந்தி நான் சொல்லிப்புடணும்னு ஆசை. எம்மக என்னைய ஒண்ணும் தெரியாதவன்னு நெனைக்கிது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த மொதப் படத்துக்கும் ஃபைல் விஷயமாத்தான் வந்தீங்களா?"

நான் கடலைத் தோலை ஊதினேன். அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. கொலைகாரனை நாளைக்கு முதல் விளக்கில் அவர் சொல்வார். நான் ஆமாம் போட வேண்டும்.

ஆனால் கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள் கிளப் டான்ஸ் வந்துவிட்டது. மாமனாரும் மருமகனும் ஒட்டி உட்கார்ந்து பார்க்கிற சமாசாரமா அது? அவர் தரையைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள" என்று அவர் எழுந்தார். அவர் எழுந்தபிறகு நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? வழியனுப்பப் போனேன்.

"வக்கீல்தான், சந்தேகமே இல்ல" என்றார் பஸ் ஸ்டாண்டில். எனக்கும் வக்கீல் மேல்தான் கண்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். பெண்கள் பக்கத்தைப் பிரிப்பது இடுப்பளவு மண்சுவர். முதல் விளக்கில் மாமனார் அந்தச் சுவரைத் தாண்டி விழும்படி, "வக்கீலு!" என்றார். "மாமா கண்ணுக்குத் தப்புமா!" என்றேன் நான். தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

கடைசி விளக்கு வந்தபோது மனைவி சுவரில் கையூன்றி நின்றாள்.

"ஏங்க, வெளிய எங்க போனீங்க?"

"வெக்கையா இருந்துச்சு."

"அப்பா?"

"வெத்தல வாங்கப் போனேன் ஆத்தா."

"அந்தக் கிளப் டான்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே நீங்க இங்கிட்டு எந்திரிச்சீக, அப்பா அங்கிட்டு எந்திரிச்சாக. ஆட்டம் வருதுன்னு ரெண்டு பேருக்கும் எப்புடித் தெரியும்?"

மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமானார்.

"பாத்ததுதான் பாத்தீக, முழுசாப் பாத்திருக்கக் கூடாதா? வக்கீலுமில்ல, ஒண்ணுமில்ல. இன்ஸ்பெக்டருதான். செத்தவன் வீட்டுக்கு யார்கிட்டயும் வழி கேக்காம நேரா வந்தாரே!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. விளக்கு அணைந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. கடைசி ரீலில் விலங்கு மாட்டப்பட்டது இன்ஸ்பெக்டருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. என் இலையில் ஈரல் விழவில்லை. அடுப்படியில் ஒரு கிண்ணம் தனியாக மூடி வைத்திருந்தது. அது யாருக்கென்று துப்பறிய வேண்டிய அவசியமில்லை.

பக்கத்து இலையிலிருந்து மாமனார் மெதுவாகக் கேட்டார்: "கழுத்து இருக்கு மாப்ள. ஆளுக்குப் பாதி எடுத்துக்குவமா?"