ஆறடிக் கயிறும் இருபத்தெட்டு எம்எம் லென்சும்

1. சித்தி கேட்ட கேள்வி

"தாலி எங்கடா?"

ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, மறுபடி முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாக்கியம் சித்தி இதைக் கேட்டார். அவருடைய மூத்த மகள் சரோஜாவின் கல்யாண ஆல்பம் அது. படம் எடுத்தவன் நான்.

"எடுத்தேன் சித்தி."

"எடுத்தது எங்க?"

ஒரு படத்தைக் காட்டினேன். தாலி கட்டிய அந்த நிமிடத்தில்தான் எடுத்தேன், அதில் பொய் இல்லை. படத்தில் பதினோரு முதுகுகள் தெரிந்தன. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, மணவறையின் மேலே கட்டியிருந்த தோரணம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. முதுகுகளில் நட்டநடுவே நின்றது சித்தியின் முதுகு.

"இது நான்தானே? என் முதுக நானே பாக்கறதுக்கா ஒன்னயக் கூப்பிட்டேன்?"

சரோஜா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "விடும்மா, அண்ணன் என்னா வேணும்னா செஞ்சாரு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. சித்தி அந்த முதுகுப் படத்தை உரித்து என் கையில் கொடுத்தார். "இது வேணாம். இந்தப் பக்கம் காலியாவே கெடக்கட்டும் லா" என்று சொல்லி ஆல்பத்தை மூடினார்.

எண்பதுகளில் மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லைனிங் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தேன். பழைய ரப்பரை அழித்துவிட்டு மறுநடவு செய்யும்போது, எந்தக் கன்று எந்த இடத்தில் என்று கயிறு பிடித்து முளைக்குச்சி அடிக்கிற வேலை. ஆல்பம் வந்த மறுநாளே காலைப் பெரட்டில், அதாவது ஆட்கள் வந்து பேர் கொடுக்கும் இடத்தில், எனக்குப் புதுப்பேர் வந்துவிட்டது. முதுகு மண்டோர். "மண்டோரே, எனக்கும் முதுகுப் பக்கமா ஒன்னு எடுத்துக் குடுங்களேன்" என்று பெண்கள் வரிசையில் திரும்பி நின்றார்கள். சிரித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

2. நீள லென்ஸ் செய்த வேலை

தவறு எங்கே நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஓர் எஸ்எல்ஆர் கேமராவை எனக்கு இரவல் கொடுத்திருந்தார். அதில் எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்து எம்எம் வரை போகிற ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தது. முழங்கை நீளம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வழிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே பெண்ணுக்கு அண்ணன் முறையில் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்ணின் கையில் நெற்பொரி போட வேண்டியவன் நான். ஆனால் அந்த லென்சுக்கு ஐந்தடிக்குள் இருக்கிற எதுவும் ஃபோகஸ் ஆகாது. அதைத் தாண்டி ஃபோகஸ் ஆனாலும் மூக்கு மட்டும்தான் ஃபிரேமில் நிற்கும். அதனால் என் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை உட்கார வைத்துவிட்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பெண்ணின் முகம் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாம் போலத் தெரிந்தது.

குருக்கள் கையைத் தூக்கினார். கெட்டிமேளம். நம் ஆட்கள் அப்போது என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவர் விடாமல் எழுந்து, அட்சதையோடு மணவறையை மொய்த்துவிட்டார்கள். முப்பது வருடமாகப் பார்த்த கூத்துதான். லென்ஸ் மாட்டிய நேரத்தில் அது மட்டும் மறந்துபோனது.

3. கயிறு

சொந்தமாக ஒரு கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். என் மனைவி லெட்சுமி கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், எடுத்திருந்தாள். தையல் மெஷினுக்கு வைத்திருந்த பணம் அது. அதை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "சித்தி மூஞ்சிய இனி என்னால பாக்க முடியல. வாங்குங்க. ஆனா இன்னொரு வாட்டி முதுகு எடுத்தீங்கன்னா, கேமராவ வித்து மெசினு வாங்கிருவேன்." சொன்னால் செய்கிறவள்.

அந்தப் பணத்துக்குப் புதுக் கேமரா வராது. பழைய கேமரா பாடி ஒன்று, லென்ஸ் ஒன்று, சின்ன ஃபிளாஷ் ஒன்று. லென்ஸ் ஒன்றே ஒன்றுதான் என்றால் எது? டிரெசர் ஜூம் என்றார். ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஓர் ஆள் ஐம்பது எம்எம் போதும் என்றான். ஆளுக்கொரு பேச்சு. எனக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். லைனிங்கில் கன்று வருகிற இடமெல்லாம் கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதும், மனக்கணக்கு வேண்டாம். அப்படி ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். பொரி போடுகிறவன் உட்காரும் இடத்திலிருந்து பெண் உட்காரும் மணை வரை பிடித்தேன். ஆறடி. அங்கே ஒரு சிவப்புத் துணி. மணவறையின் அகலம் ஏழடி. இன்னொரு துணி. பக்கத்துத் தோட்டங்களில் இருந்த இரண்டு கோயில்களுக்கும் சைக்கிளில் போய்ப் பிடித்தேன். அரையடி கூடும், அரையடி குறையும், அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு முன்னறையோ மொத்தமே பத்தடி. நம் கல்யாணம் காட்சி எல்லாமே இந்தக் கயிற்றுக்குள்தான் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

4. தவுக்கேயின் மூக்கு

சிரம்பானில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராக் கடை. கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே, வயதானவர், மலாயில்தான் பேசுவார். நான் கயிற்றைத் தரையில் விரித்து, கல்லாமேசையிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்தேன். மேசை மேல் ஏழடி அகலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டப்பா, அந்தப் பக்கம் ஒரு டப்பா வைத்தேன். தவுக்கேயை நடுவில் நிற்கச் சொன்னேன். மந்திரவாதி பொம்மோ மாதிரி ஏதாவது செய்யப்போகிறேன் என்று அவர் பயந்திருக்க வேண்டும். ஆனாலும் நின்றார்.

ஜூமில் அவர் மூக்கு தெரிந்தது. ஐம்பதில் அவர் தெரிந்தார், பக்கத்துக் காலண்டர் தெரிந்தது, டப்பாக்கள் இரண்டும் வெளியே போய்விட்டன. இருபத்தெட்டு எம்எம் மாட்டிப் பார்த்தேன். இந்தப் பக்க டப்பா, தவுக்கே, அந்தப் பக்க டப்பா, மூன்றும் உள்ளே. ஓரத்தில் கொஞ்சம் இடமும் மீந்தது.

"இதுதான்" என்றேன்.

தவுக்கேக்கு வருத்தம். அதே விலைக்குப் பெரிய ஜூம் தருகிறேன் என்றார். "இனி கெச்சில் லா. ஓராங் தா பண்டாங்" என்றார். சின்னது, ஒருவனும் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று அர்த்தம்.

என்னை யாரும் பார்க்க வேண்டாம், நான் பார்த்தால் போதும் என்றேன். அவர் சிரித்துவிட்டு லென்ஸ் மூடி ஒன்றை இனாமாகக் கொடுத்தார். பாடியில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஷட்டர் எல்லா ஸ்பீடிலும் சரியாக விழுகிறதா, லென்சுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டேன். உதிர்ந்த பெயின்ட் படத்தில் விழாது.

5. ஃபிலிம் இல்லாத மூன்று வாரம்

வாங்கிய பிறகு மூன்று வாரம் ஃபிலிமே போடவில்லை. பெரட்டு முடிந்ததும் ஆறடி தள்ளி உட்கார்ந்து ஆட்களைப் பார்த்து வெறும் ஷட்டரைத் தட்டுவேன். அப்பர்ச்சர் எட்டு, ஃபோகஸ் ஆறடி என்று வைத்துவிட்டால், நாலடியிலிருந்து பன்னிரண்டு அடி வரை எல்லாமே துல்லியமாக விழும். அதற்குப் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டேன்.

இரண்டு குறை இருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் இந்த அகலத்துக்குப் பரவாது, ஓரம் இருட்டும். வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்பு மேலே போட்டுக் கட்டினேன், சரியாகிவிட்டது. இன்னொன்று, ஓரத்தில் நிற்பவர்கள் படத்தில் குண்டாகத் தெரிவார்கள். முதல் ரோல் போட்டபோது லெட்சுமியை ஓரத்தில் நிற்க வைத்து எடுத்துவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் வீட்டில் இப்போதும் சோறு கிடைக்காது.

6. எழுந்தால் காலை உடைப்பேன்

சரோஜா கல்யாணம் முடிந்து எட்டு மாதத்தில் இளையவள் வசந்திக்கு முடிவானது. மாப்பிள்ளை தம்பின் ஊர்க்காரர். பத்திரிகை வைக்க வந்த சித்தி நேராகவே சொன்னார்.

"போட்டோவுக்கு டவுன்ல ஆள் சொல்லியாச்சு. நீ பொரி போட வா."

"கேமராவ சும்மா கையில வச்சிக்கிறேன் சித்தி."

சித்தி என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா, மூக்கறுந்த மாதிரி இருக்கு" என்றார். "வச்சிக்க. ஆனா போன தடவ மாதிரி எடத்த விட்டு எந்திரிச்சு ஓடுன, காலை ஒடைச்சிருவேன்."

"எந்திரிக்கவே மாட்டேன் சித்தி" என்றேன். அதைவிட நல்ல உத்தரவு எனக்கு வேறென்ன வேண்டும்?

கல்யாணத்தன்று டவுன்காரர் வந்தார். அவர் லென்ஸ் நான் இரவல் வாங்கிய ஜூமைவிடப் பெரியது. வழிவிட்டார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு ஏறி நின்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொரித்தட்டோடு என் இடத்தில் உட்கார்ந்தேன். கேமரா மடியில் இருந்தது. டவுன்காரர் என் கேமராவைப் பார்த்துவிட்டுப் பாவம் என்பதுபோலச் சிரித்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் அப்பா மனைவியோடு வந்து குனிந்து, "தம்பி, எங்க ரெண்டு பேரையும் ஒன்னு எடுங்க லா" என்றார். சம்பந்தியிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? எடுத்தேன். ஃபிளாஷ் அடித்தது, அது தயார் என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. அது திரும்ப எரிய ஏழெட்டு விநாடி ஆகும். சரியாக அப்போது குருக்கள் கையைத் தூக்கினார்.

கெட்டிமேளம். நாற்காலிகள் எல்லாம் ஒரேயடியாகப் பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் சனம் சுவராக எழுந்துவிட்டது, என் முதுகில் யாருடைய முட்டியோ இடித்தது. பெஞ்சு மேலிருந்து டவுன்காரர், "கொஞ்சம் ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று கத்தினார். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? எனக்கும் மணைக்கும் நடுவில் மட்டும் ஒருவரும் இல்லை. அண்ணன் பொரியோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள், முறை அப்படி.

மாப்பிள்ளை கையில் தாலி. நான் விளக்கைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு. முதல் முடிச்சு போடப்போகிறார். தங்கச்சியின் மாலையையும் சடையையும் ஒதுக்கிப் பிடிக்க சரோஜா பின்னாலிருந்து குனிந்தாள். ஏழு. சிவப்பு எரிந்தது. அழுத்தினேன்.

ஒரே ஒரு படம். அடுத்த சிவப்பு வருவதற்குள் மூன்று முடிச்சும் முடிந்து, கேமராவை மடியில் போட்டுவிட்டுப் பொரித்தட்டை எடுத்துவிட்டேன். தங்கச்சி கையில் அவசரமாகப் பொரி போட்டேன். பாதிப் பொரி லென்ஸ் மேல்தான் விழுந்தது.

7. காலியாக இருந்த பக்கம்

கழுவி வந்த ஃபிலிமைக் கடையிலேயே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நெகட்டிவில் பார்த்தாலே தாலி தெரிந்தது. கடைக்காரரிடம் பெரிய சைஸில் இரண்டு போடுங்கள் என்றேன். ரோட்டுக்கு வந்து, ஊருக்குப் போகும் லுக்குட் பஸ்சை இரண்டு தடவை தவறவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

டவுன்காரருக்கு அந்த நிமிடத்தில் கிடைத்தது முதுகுகள். நல்ல மனிதர், மறைக்கவில்லை. என் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தோட்டத்துக்கே வந்து, "அண்ணே, அந்த ஒரு நெகட்டிவ் மட்டும் குடுங்க. எப்படி எடுத்தீங்க?" என்றார். கயிற்றைக் காட்டினேன். அதற்கப்புறம் தம்பின் பக்கம் அவருக்கு வருகிற கல்யாணங்களில் பாதிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லெட்சுமிக்குத் தையல் மெஷின் அந்த வருடமே வந்தது, கேமராவை விற்காமலே. முதுகு மண்டோர் என்ற பேர் மட்டும் போகவில்லை. அதைச் சொல்லித்தான் கல்யாணத்துக்கே கூப்பிட்டார்கள்.

இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் வாங்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீ எங்கே நிற்கப்போகிறாய்? உன் இடம் எது என்று போய் உட்கார்ந்து பார், கயிறு பிடித்து அள, அதற்குப் பிறகு கடைக்குப் போ. கையில் இருக்கிற காசுக்கு அந்த இடத்துக்கான லென்ஸ் கட்டாயம் கிடைக்கும்.

படத்தைச் சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்த நாளில் சரோஜாவும் வந்திருந்தாள். சித்தி நெடுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையின் விரல்கள், வசந்தியின் குனிந்த முகம், ஓரத்தில் கொஞ்சம் குண்டாக, அழுதுகொண்டே அட்சதை போடுகிற சித்தி. பிறகு அவர் விரல் படத்தின் நடுவில் ஓரிடத்தில் நின்றது. மாலையை ஒதுக்கக் குனிந்த சரோஜாவின் கழுத்திலிருந்து அவளுடைய தாலி வெளியே சரிந்து, தங்கச்சியின் தோளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தியின் தாலிக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"தாலி எங்கடான்னு கேட்டேன்ல" என்றார் சித்தி. விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. "ரெண்டு இருக்கு லா."

நான் கொண்டுபோயிருந்த இரண்டாவது பிரதியைச் சரோஜா கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து தன் பழைய ஆல்பத்தை இறக்கினாள். காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, அவளே ஒட்டினாள்.