ரகுவுக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தபோது

எங்கள் வீட்டில் நோயின் முதல் அறிகுறி நல்ல செய்தியாகத்தான் வந்தது. அதைக் கொண்டாடினோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால், என்னைப் போல் பாயசம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

என் கணவர் ரகு ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய் நிறுவனம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் இன்ஜினியராக இருந்தவர். பூமிக்கு அடியில் போகும் குழாயில் எங்கே துருப்பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஐம்பத்தாறு வயதில் அந்த வேலை போயிற்று. எட்டு மாதம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் குடியிருக்கும் புறநகரான பேர்லேண்டில் காரை எடுக்காமல் எங்கும் போக முடியாது. அவர் காரை எடுக்கவேயில்லை. நான் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். காலையில் கிளம்பும்போது எந்த இடத்தில் இருந்தாரோ, வேலை முடிந்து வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நானும், ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள் நித்யாவும் நச்சரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் அவராகவே ஒரு மெட்டல் டிடெக்டரை வரவழைத்தார். நீளமான கம்பு, நுனியில் தட்டு போல ஒரு வட்டம், காதில் ஹெட்ஃபோன். தரையை ஒட்டி வீசிக்கொண்டே நடந்தால், மண்ணுக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் சத்தம் கேட்கும். இரும்புக்குக் கரகரவென்று ஒன்று, வெள்ளிக்குக் கணீரென்று ஒன்று. வேலையில் செய்ததைத்தான் இப்போது ஆசைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். கால்வெஸ்டன் கடற்கரைக்குத் தானே கார் ஓட்டிப் போனார். முகத்தில் வெயில் பட்டுத் தெளிச்சி வந்தது. டிவி முன்னால் கிடக்காத புருஷன் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கோயிலில் பார்த்த பெண்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலில் வாரத்துக்கு ஒருநாள் போனார். பிறகு தினமும் போனார். பாட்டில் மூடிகளைக்கூடப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, சிறுசிறு அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, எந்த இடம், எத்தனை அங்குல ஆழம் என்று சீட்டு ஒட்டினார். இனிப்பைத் தொடாத மனிதர் டோனட்களை டஜன் கணக்கில் தின்றார். திருச்சியில் என் அண்ணன் இறந்துபோன செய்தி வந்த காலையில், பதினோரு மணிக்குக் கடல் உள்வாங்கும், அப்போதுதான் ஈர மணலில் தேட முடியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் அவரோடு கத்திச் சண்டை போட்டேன். உங்களுக்கு மனசே இல்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒரு டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து கால்வெஸ்டனுக்குப் பிக்னிக் போனோம். கவிதா என்ற பெண்ணும் வந்திருந்தாள். மதுரைக்காரி, கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அலையில் நின்று விளையாடும்போது அவள் தாலிச் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. கரைக்கு வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ரகுவைத்தான் பார்த்தோம்.

இரண்டு மணி நேரம் தண்ணீர் ஓரமாக நடந்தார். திரும்பி வந்தபோது கவிதா ஓடிப்போய்க் கிடைத்ததா என்று கேட்டாள். "பாட்டில் மூடி நாலு, தூண்டில் குண்டு ரெண்டு" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

அவள் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டபோது நான்தான் கூடப் போனேன். மாமியாருடன் வீடியோ காலில் பேசும்போதெல்லாம் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். அங்கிள் இன்னொரு தடவை பார்ப்பாரா என்று வாராவாரம் போன் செய்வாள். ரகு போய்க்கொண்டுதான் இருந்தார். அவளுக்காகத்தான் போகிறார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து, கராஜில் ஸ்க்ரூடிரைவர் தேடும்போது அவர் டப்பாவைத் திறந்தேன். மூலை அறையில் தாலி இருந்தது. சங்கிலி அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சீட்டில் பிக்னிக் போன நாளின் தேதி. கால்வெஸ்டன், எட்டு அங்குலம்.

அவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, இது கவிதாவோட தாலிதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"நான்தானே எடுத்தேன். என்னோடது."

"அந்தப் பொண்ணு தினம் அழுதுட்டு இருக்குங்க."

கொஞ்சம் யோசித்தார். "சிக்னல் ரொம்ப நல்லா இருந்துது" என்றார்.

மளிகைக் கடையில் நான் ஒரே ஒரு திராட்சையை வாயில் போட்டுப் பார்த்தால்கூட, அது திருட்டு என்று கடிந்துகொண்டவர் இவர். அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. அன்று முதல் என் மண்டையைக் குடைந்தது ஒரே கேள்வி. இவர் கெட்டவராகிவிட்டாரா, இல்லை, எப்போதுமே கெட்டவராக இருந்து இருபத்தெட்டு வருடமாக நான்தான் கவனிக்கவில்லையா? வேறு ஒரு காரணமும் இருக்கலாம் என்று, நாள் முழுக்க மருந்தோடு புழங்குகிற எனக்குத் தோன்றவில்லை.

இப்போதுதான் கிடைத்தது என்று ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அதை யோசிக்காமல் இல்லை. கவிதா ஓடிவந்து அவருக்கு நன்றி சொல்வாள். அவர் முதல் நாளே எடுத்துவிட்டதாக அவள் முகத்துக்கு நேராகச் சொல்வார். அடுத்த வாரம் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். திருடன் பெண்டாட்டி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சிரித்துப் பேசிவிட்டு, கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு மேஜையில் போய் உட்காருவார்கள். எனக்கு அது தாங்காது என்று தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை தாலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனேன். உண்டியலில் போட்டேன். அம்மனிடம் சேர்ந்துவிட்டது, இனி இது திருட்டுப் பொருள் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்மைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் டப்பாவில் ஓர் அறை காலியானதை அவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. தேட ஆரம்பித்தார். வீட்டுக்குள் கார்ப்பெட் மேல் தேடினார், கொல்லைப்புறப் புல்தரையை முழுக்கக் கிளறினார். பத்தாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது பக்கத்து வீட்டு டோனாவின் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டோனா தனியாக வாழும் வயதான அமெரிக்கப் பெண்மணி. முந்தின வருடம் செத்துப்போன தன் நாயைத் தோட்டத்து ஓக் மரத்தடியில்தான் புதைத்திருந்தார். நாயின் கழுத்துப்பட்டையில் பெயர் பொறித்த தகடு இருந்திருக்கிறது. டிடெக்டர் அதற்குத்தான் சத்தம் போட்டிருக்கிறது. குழி தோண்டப்பட்டு, போர்வையும் எலும்பும் வெளியே கிடந்தன. ரகு தகட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். டோனா புல்லில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுவதை ரகு பார்த்தார், தகட்டில் எழுதியிருந்ததை வாசித்தார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

டோனா போலீஸைக் கூப்பிடவில்லை. அன்று எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: பதினைந்து வருடமாக எனக்கு ரகுவைத் தெரியும், இது ரகு இல்லை, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நானும் டோனாவும் சேர்ந்து குழியை மூடினோம்.

எங்கள் குடும்ப டாக்டர், வேலை போனதால் வந்த மனச்சோர்வு என்றார். மூன்று மாதம் மாத்திரை கொடுத்தேன். நானே எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நித்யா ஆஸ்டினிலிருந்து வந்து இரண்டு நாள் அப்பாவைக் கூடவே இருந்து பார்த்தாள். அப்பா தன்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். அவளே அலைந்து ஒரு நியூராலஜிஸ்ட்டிடம் (மூளை, நரம்பு நோய் மருத்துவர்) நேரம் வாங்கினாள்.

ஞாபகச் சோதனையில் ரகு பிரமாதமாகச் செய்தார். டாக்டர் சொன்ன ஐந்து சொற்களையும் கால் மணி நேரம் கழித்து வரிசை மாறாமல் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து டாக்டர் முகங்களின் படங்களைக் காட்டினார். ஒரு பெண் வாய் கோணி அழுகிறாள். இவள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ரகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கழுத்தில் செயின் போட்டிருக்கிறாள் என்றார்.

எம்ஆர்ஐ (காந்தத்தால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் சோதனை) எடுக்கும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். அவர் பாக்கெட்டுகளிலிருந்து பதினேழு பாட்டில் மூடிகளும் அந்த நாயின் தகடும் வந்தன. அவற்றைத் தட்டில் வைக்க அவரைச் சம்மதிக்கவைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

நோயின் பெயர் ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா (மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் நோய், ஞாபகம் போவதற்கு முன்பே குணம் மாறிவிடும்). அடுத்தவர் வலியை உணர்வதும், இது தப்பு என்று கையை இழுத்துக்கொள்வதும் அந்தப் பகுதியின் வேலை என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். திடீரென்று ஒரு பொழுதுபோக்கில் வெறிபிடித்தாற்போல் இறங்குவதும், இனிப்புக்கு அலைவதும் இதில் உண்டு. நிறுத்தவோ குணப்படுத்தவோ மருந்து இல்லை. என் கடையின் அலமாரிகளை மனசுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லைதான்.

எப்போது ஆரம்பித்திருக்கும் என்று கேட்டேன். நாலைந்து வருடம் முன்பாக இருக்கலாம், வேலை போனதே இதனால்கூட இருக்கலாம் என்றார். காரில் வரும்போது வருடங்களைப் பின்னால் எண்ணினேன். நித்யாவின் பட்டமளிப்பு விழாவில் கண் கலங்கியவர் ரகுதானா? எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளில் நான் பேசும்போது கொட்டாவி விட்டது யார்? அன்று அதற்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் அபார்ட்மென்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாலி இப்போது எங்கே என்று கேட்டாள். கோயிலில் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். மற்ற நகைகளோடு சேர்த்து உருக்கக் கொடுத்தாகிவிட்டது. அதையும் சொன்னேன். கவிதா கத்தவில்லை.

"அங்கிளுக்கு மூளைல ப்ராப்ளம். அது புரியுது ஆன்ட்டி. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல" என்றாள். பிறகு, "நீங்க நல்லாத்தானே இருந்தீங்க?" என்றாள்.

அதற்கு எந்த ஸ்கேனும் கிடையாது. நான் கொண்டுபோயிருந்த பழங்களை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மானத்துக்குப் பயந்து மூடி வைக்காதீர்கள். நான் மூடி வைத்த மாதங்களில் அவர் மூளையை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது உண்மை. கவிதாவின் தாலியையும் டோனாவின் நாயையும் காப்பாற்றியிருக்கலாம்.

டிடெக்டரைப் பிடுங்கினால் மூர்க்கமானார். பேட்டரியை மட்டும் கழற்றிவிடும்படி மருத்துவமனையில் ஒரு நர்ஸ் யோசனை சொன்னார். அப்படியே செய்தேன். சத்தம் ஏன் வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வேலிக்கு உள்ளேயே, மேற்கிலிருந்து கிழக்காகவும் கிழக்கிலிருந்து மேற்காகவும் தினமும் இரண்டு மணி நேரம் நடப்பார். வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு நான் கூடவே நடந்தேன். அந்த நடை என் உடம்பில் ஏறிவிட்டது. மளிகைக் கடையிலும் அப்படியே ஊர்ந்து போகிறேன். பின்னால் வருகிறவர்கள் வழிவிடச் சொல்கிறார்கள். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது, பக்கத்து சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும், கதவைத் திறந்து இறங்கப்போகும் அவரைத் தடுப்பதுபோல் என் வலது கை தானாக நீள்கிறது.

சென்ற அக்டோபரில் ஒரு காலை அவர் டிடெக்டரைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. இந்தச் சனியன் என்றைக்கு ஒழியும் என்று இரண்டு வருடம் வேண்டிக்கொண்டவள் நான். மூன்றாம் நாள் நானே புது பேட்டரி போட்டேன். என் வளையல் ஒன்றைப் புல்லில் போட்டுவைத்தேன். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி, கம்பைக் கையில் கொடுத்தேன். கடையில் யாரோ நீட்டும் சாம்பிளை வேண்டாம் என்பதுபோல் மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் எதையும் கேட்பதில்லை. சாப்பாட்டைக்கூட.

பழைய ரகுவை நினைத்து அழுகிறாயா என்று தோழிகள் போனில் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் நான் அழுவது டிடெக்டரோடு நடந்த ரகுவுக்காக. ஊரார் தாலியை எடுத்து ஒளித்து, நாயின் குழியைத் தோண்டி, என் மானத்தை வாங்கிய அந்த மனிதருக்காக. அவருக்கு ஏதோ ஒன்றாவது வேண்டியிருந்தது. முதல் ரகுவுக்காக அழ எனக்கு இன்னும் நேரமே கிடைக்கவில்லை.